இரண்டு கூடைக்கும் ஒருத்தி

ஏலக்காய் எடுப்பவள் செடியடியில் குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவள் முகம்கூட தழைக்குள் தெரியாது. ஆனாலும் வீரலட்சுமி காயில் கைவைத்தபடி மண்ணையே வெறித்துக்கொண்டிருப்பது கற்பகத்துக்குத் தெரியும். தூக்குவாளிச் சோற்றைத் திறக்காமலே ராசிங்காபுரத்து வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவதும் தெரியும்.

"தூக்கமே வரலக்கா. எதுக்கு இருக்கோம்னு இருக்கு" என்று ஒருநாள் வீரலட்சுமி சொன்னாள்.

"கண்டதையும் நெனைக்காத. சோலியப் பாரு, சரியாப் போகும்."

சொன்னதோடு கற்பகம் விடவில்லை. எடை போடும் நேரத்தில் தன் கூடையிலிருந்து குறைகிற அளவுக்கு அள்ளி அவள் கூடையில் போட்டாள். காய் எடை குறைந்தவளைக் கங்காணி பாண்டித்துரை மறுநாள் வேலைக்கு ஜீப்பில் ஏற்றமாட்டார். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? அந்த நல்ல மனசு மூன்று மாதம் ஓடியது.

ஐப்பசியில் போடி ஆஸ்பத்திரி நர்ஸ் அமுதவள்ளி தோட்டத்துக்கு வந்தார். "தூக்கம் கெட்டு, சோறு இறங்காம, காரணமில்லாம அழுகை வருதா? காய்ச்சல் மாதிரி இதுவும் நோவுதான், வைத்தியம் இருக்கு. பக்கத்துல யாருக்காச்சும் இருந்தா மூடி மறைக்காதீங்க. உக்காந்து கேளுங்க, கூட்டிட்டு வாங்க."

பாண்டித்துரை எடை நோட்டை நீட்டினார். "நம்ம ஆளுகளுக்கு அதெல்லாம் இல்லம்மா. பாருங்க, ஒருத்திக்கும் எடை கொறையல."

வீரலட்சுமி கற்பகத்தைப் பார்த்தாள். எழுந்து நர்ஸிடம் போக அவளுக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். காய் மாற்றிய குட்டு வெளிப்பட்டால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்ற பயத்தில் கற்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். பாழாய்ப்போன பயம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜீப்பில் ஒரு ஆள் குறைந்தது. டார்ச்சு அடித்துத் தேடியவர்கள் வீரலட்சுமியைப் பள்ளத்தில் கண்டார்கள். உயிர் மட்டும் இருந்தது.

போடி ஆஸ்பத்திரியில் அவள் புருஷன் தவசியிடம், "எத்தனை நாளா இப்படி இருந்தாங்க?" என்று கேட்டார் அமுதவள்ளி.

"நல்லாத்தான் இருந்தா. வீட்டுல பேச்சு இல்ல, வேலை அசதின்னு விட்டுட்டேன். போன வாரங்கூட தெனம் பன்னெண்டு கிலோ எடுத்திருக்காளே!"

கூட வந்திருந்த கற்பகம் முன்னால் வந்தாள். "அதுல பாதி நான் எடுத்த காய், தம்பி. மூணு மாசமா அவளால முடியல."

தவசி திரும்பிப் பார்த்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"மூணு மாசமாத் தெரியுமாக்கா ஒனக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தோள்ல தூக்கியாச்சும் இங்க கொண்டாந்திருப்பேனே."