தவசிமுத்து அடைத்த ஓட்டைகள்

கொத்தனார் தவசிமுத்துவின் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது. அதுதான் வினையாகப் போயிற்று.

தண்டையார்பேட்டையில் அவர் இருந்த பழைய குடியிருப்பை இடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் ஒன்பது மாடி வரும் என்றார்கள். செங்கல் வைத்து அல்ல. எண்ணூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வீடு வீடாக வார்த்து, டிரெய்லரில் ஏற்றி வந்து, கிரேனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்களாம். ஒரு பெட்டி, ஒரு குடும்பம். அதுவரை எல்லோருக்கும் தகரக் கொட்டகை. போன வருஷம், இரண்டாயிரத்து ஐந்து மழையில், தவசிமுத்துவும் மனைவி ஞானபாக்கியமும் இரண்டு நாள் கட்டில்மேல் உட்கார்ந்தே கழித்தார்கள். அதனால் குலுக்கலில் கீழ்த்தளத்து மூன்றாவது பெட்டி விழுந்ததும் அந்த அம்மாள் அழுதேவிட்டாள்.

ஆனால் பெட்டி வந்து சேர வேண்டுமே. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசை ஒரு பக்கம், தலைக்குமேல் தொங்கும் கரண்டு கம்பி இன்னொரு பக்கம். தெருவை மூட ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போலீஸ் அனுமதி, அதுவும் மதியம் இரண்டு மணி வரை. வீட்டு வாரியத்துப் பெரிய அதிகாரி ஜெகதீசனுக்கோ இந்த முறையே பிடிக்கவில்லை. ஒரு தடவை சொதப்பினாலும் செங்கல்லுக்கே திரும்பிவிடுவோம் என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார். செங்கல் என்றால் இன்னும் மூன்று மழை தகரத்தில்.

முதல் ஞாயிறு ஆறு பெட்டிகள் தரையில் உட்கார்ந்தன. அடுத்த சனிக்கிழமை பெட்டிகளின் இடுக்குகளைக் கூலிக்குப் பூச வந்த தவசிமுத்து மேலே ஏறிப் பார்த்தார். ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் மூலைக்கொன்றாக நான்கு ஓட்டைகள், கோணித்துணி அடைத்துக் கிடந்தன. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டறைக்காரன் அரைகுறையாக விட்டுவிட்டான், மழை நேராக வீட்டுக்குள் இறங்கும் என்று நினைத்தார். துணியைப் பிடுங்கி எறிந்தார். இருபத்து நான்கு ஓட்டைகளையும் நல்ல கலவை போட்டு நிரப்பி, மழுமழுவென்று தேய்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

மறுநாள் பதினோரு மணிக்கு இரண்டாம் அடுக்கின் முதல் பெட்டி அந்தரத்தில் தொங்கியது. அதன் அடியில் நான்கு தடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை இறங்கக் கீழே ஓட்டை இல்லை. என்ஜினியர் பவானி, இருபத்தாறு வயதுப் பெண், மேலே ஏறித் தடவித் தடவிப் பார்த்தாள். ஓரமாக நின்ற தவசிமுத்துவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

ஜெகதீசன் மூச்சு வாங்க ஏறி வந்தார். "நம்மூருக்கு இது சரிப்படாதுன்னு அன்னிக்கே சொன்னேன். யாரு அடைச்சது?"

"என் தப்பு சார். இது எதுக்குன்னு நான் யாருக்கும் சொல்லல" என்றாள் பவானி.

முப்பது வருஷமாக எந்தக் கட்டடத்தில் எது விரிசல் விட்டாலும் கொத்தனார் தலையில்தான் விடியும். தனக்காக ஒருத்தி திட்டு வாங்குவதைத் தவசிமுத்து பார்த்ததே இல்லை. அவரால் சும்மா நிற்க முடியவில்லை.

"நான்தான் சார் அடைச்சேன். மழ உள்ள பூந்துடும்னு நெனச்சிட்டேன். அந்தா, மூணாவது பொட்டி, அது என் வூடு சார்."

ஜெகதீசன் அந்தப் பெட்டியைப் பார்த்தார். பிறகு தவசிமுத்து பக்கம் திரும்பினார்.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"நேத்து போட்ட கலவதான், இன்னும் பச்சையாதான் கீது. நாலு ஆள் இருந்தா ரெண்டு மணி நேரம் சார்."

ஜெகதீசன் கீழே இறங்கிப் போய், போலீஸ்காரரிடம் தானே பேசி, நான்கு மணி வரை நேரம் வாங்கினார். அவரா இப்படி என்று பவானி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். கொட்டகையிலிருந்து மூன்று கொத்தனார்கள் உளியும் சுத்தியலுமாக ஓடிவந்தார்கள். தவசிமுத்து மண்டியிட்டு, தான் தேய்த்து வைத்த அழகையெல்லாம் தானே கொத்தி எடுத்தார். கடைசி ஓட்டையின் தூசியை வாயாலேயே ஊதினார். நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆறாவது பெட்டியும் கம்பி பிசகாமல் இறங்கி உட்கார்ந்தது. ஜெகதீசன் அடுத்த ஞாயிறுக்கான தாளில் கையெழுத்துப் போட்டார்.

தவசிமுத்து பவானியிடம் வந்து நின்றார். "எனக்கோசரம் யாரும் இப்டி பேசினதில்லம்மா. சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"நிஜமாவே என் தப்புதான்யா" என்று அவள் வரைபடத்தை எடுத்து ஒரு பலகைமேல் விரித்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் இருந்த நான்கு புள்ளிகளைக் காட்டி, எது எதில் இறங்கும் என்று சொன்னாள். முப்பது வருஷத்தில் அவர் முன்னால் ஒருவர் விரித்துக் காட்டிய முதல் வரைபடம் அது. அவர் குனிந்து, விரல் வைத்து, மூன்றாவது கட்டத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

பிறகு நிமிர்ந்தார். "இத மத்தவங்களுக்கும் காட்டிடும்மா. அவுங்களும் நல்ல வேலக்காரங்க. அடச்சிடுவாங்க."