இடப்பக்கத்துத் தகடுகள்

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கே அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஜன்னல் பக்கமாக அரையடி நகர்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறதா என்று மூன்று தடவை குனிந்து பார்த்துவிட்டாள். மேசை நடுவில் கப்பல் நின்றது. உலகப் போரில் மூழ்கிப்போன ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பலின் மாதிரி. அசலில் முன்னூற்றைம்பதில் ஒரு பங்கு, நீளம் ஓர் அடிக்குச் சற்றே மேல். ஏழு மாதமாக அந்த மேசையில் யாரும் சாப்பிட்டதில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் அவள் கணவன் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டே பழகிப்போய், இனி மேசை கிடைத்தாலும் தனக்குச் சாப்பாடு இறங்காது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் எலும்பைப் படம் பிடிக்கிற வேலை. "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று ஒரு நாளைக்கு எழுபது பேரிடம் சொல்வாள். வீட்டுக்கு வந்து தூரிகையை எடுத்தால் அதையே தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இந்தக் கப்பலின் மேல்தளத்தில் பழுப்பு லினோலியம் விரிப்பும், அதை அழுத்திப் பிடிக்கக் குறுக்கே பித்தளைப் பட்டிகளும் உண்டு. ஒவ்வொரு பட்டியும் தலைமுடி அகலம். அத்தனையையும் ஒரு மூச்சுக்கு ஒன்று என்று வரைந்தாள். சாம்பல் நிறத்துக்கு மட்டும் பதினோரு முறை கலந்தாள். அந்த நாட்டில் ஒவ்வொரு கப்பல் பட்டறையும் தன் சாம்பலைத் தனியாகக் கலந்ததாம். அது தெரிந்த பிறகு கடைச் சாம்பலைப் பூச அவளுக்கு மனசு வரவில்லை.

ஜப்பான்காரன் சண்டைக் கப்பலைப் போய் ஏன் கட்டுகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கப்பல்கள் யார் தலையில் என்ன கொட்டின என்பதும், கடைசியில் எத்தனை பேரை உள்ளே வைத்துக்கொண்டு மூழ்கின என்பதும் அவளுக்குத் தெரியும். படித்திருக்கிறாள். கொடி மட்டும் பெட்டியிலேயே கிடக்கிறது, ஒட்டவில்லை. ஆனால் அந்த முன்மூக்கு வளைந்து ஏறுகிற அழகும், புகைபோக்கி பின்னால் சாய்ந்த சாய்வும் அவளை விடவில்லை. இவ்வளவு கண்ணும் கருத்துமாகச் செய்த ஒன்றை எந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் தூரிகையைக் கீழே வைப்பாள். வைத்து வைத்து எடுத்துத்தான் கட்டினாள்.

அண்ணன் கப்பல் பட்டறையில் வெல்டர். பதினேழு வயதில் போனவர், இப்போது ஐம்பத்தாறு. துறைமுகப் பக்கம் போனால் விரலை நீட்டி, "அது நான் கட்டினது" என்பார், ஏதோ தனியாளாக முதுகில் சுமந்து கட்டியது போல. அவள் ஐந்து வருடம் முன்பு முதல் கப்பலை முடித்தபோது, சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் சத்தமாகச் சொன்னார்: "எங்க வீட்ல ரெண்டு பேர் கப்பல் கட்றோம். ஒருத்தர் கட்றது மட்டும் மிதக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சுருக்கென்று தைத்தது இன்றுவரை ஆறவில்லை. நாலு கப்பல் முடித்துவிட்டாள், ஒன்றைக்கூட அவர் பக்கத்தில் வந்து பார்த்ததில்லை. எல்லாமே அவருக்குப் பொம்மைதான். இது ஐந்தாவது. வரும் சனிக்கிழமை கண்காட்சிக்குப் போகிறது. நடுவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அண்ணன் வாயிலிருந்து பொம்மை என்ற சொல் இதோடு போக வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

அதற்காகவேதான் தகடுகள். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் உடம்பு வழவழவென்று இருந்தது. நிஜக் கப்பலின் உடம்பு தகடு தகடாகச் சேர்த்தது என்று அண்ணன் சொல்லிக் கேட்டே வளர்ந்தவள் அவள். ஒட்டும் அலுமினியப் படலத்தைக் கத்தரித்து, அரை நகம் அகலத்தில், பக்கத்துக்கு நூற்றுப் பதினான்கு தகடு, ஒன்றன் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறுமாறு ஒட்டினாள். சாயம் பூசிய பிறகு பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் விளிம்புகள் தெரிந்தன. அவளுக்கே தன் கையை முத்தமிட வேண்டும்போல் இருந்தது.

அண்ணன் பதினொன்றரைக்கு வந்தார். "உக்காருங்க மச்சான், மேசையத் தவிர எங்க வேணா உக்காரலாம்" என்றான் கணவன். அண்ணன் உட்காரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கப்பலைச் சுற்றி வந்தார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். மறுபடி வலம் போய் மறுபடி இடம் வந்தார். பிறகு கேட்காமலே கட்டை விரலை இடப்பக்கத்தில் வைத்து, மூக்கிலிருந்து பின்பக்கம் வரை மெல்லத் தடவினார்.

"இந்தப் பக்கம் தலகீழா ஒட்டிட்ட."

"என்னது?"

"தகடுதான். கப்பல் முன்னால போகும்போது தண்ணி முன்னேருந்து பின்னால ஓடும். முன் தகடு பின் தகட்டுக்கு மேல உக்காரணும், விளிம்பு பின்னால பாத்து இருக்கணும். ரிப்பேருக்கு வர்ற பழைய கப்பல் எத்தனை பாத்திருக்கேன், எந்த நாட்டுக்காரன் கட்டினாலும் அப்படித்தான். அந்தப் பக்கம் சரியா இருக்கு. இந்தப் பக்கம் ஒவ்வொரு விளிம்பும் தண்ணிய எதிர்த்து நிக்குது."

அவள் குனிந்தாள். ஓட்டுக் கூரையில் ஓடுகளைத் திருப்பிப் போட்டது போல இருந்தது. எப்படி நடந்தது என்று உடனே புரிந்தது. ஒரு பக்கம் முடித்ததும் கப்பலைத் திருப்பி வைத்து, வலக்கைப் பழக்கத்தில் அந்தப் பக்கமும் இடமிருந்து வலமாகவே ஒட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கப்பல்தான் திரும்பியது, கை திரும்பவில்லை. ஊரார் எலும்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவள், தன் மேசையில் நூற்றுப் பதினான்கு தப்பை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"விடுங்க மச்சான், இது யாருக்குத் தெரியப் போகுது? சுவத்துப் பக்கமா அந்தப் பக்கத்தத் திருப்பி வெச்சிட்டா ஆச்சு" என்றான் கணவன்.

அவளுக்கு மூக்கு விடைத்தது. கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை, கிட்ட இருந்தவர் அண்ணன். "இது பொம்மைதானே, அண்ணா? மிதக்கவா போகுது? எப்படி இருந்தா உனக்கென்ன?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "பொம்மைன்னா நான் ஏன் வாயத் திறக்கப் போறேன்? பேத்திக்கு எத்தனை பொம்மை வாங்கிக் குடுத்திருக்கேன், ஒண்ணுலயாவது குத்தம் சொல்லிருக்கேனா? அந்தப் பக்கத்த இப்படி ஒட்டத் தெரிஞ்சவ இந்தப் பக்கத்தக் கெடுத்து வெச்சிருக்கியேன்னு எனக்கு வயிறு எரியுது." மறுபடி வலப்பக்கம் போனார். கட்டை விரலை ஓட்டினார். "இது சுத்தமா இருக்கு" என்றார்.

சுத்தம் என்ற சொல்லை அண்ணன் வீட்டுக்கோ துணிக்கோ பயன்படுத்தி அவள் கேட்டதில்லை. நல்ல வெல்டிங் தையலுக்கு மட்டும்தான் சொல்வார், அதுவும் வருடத்துக்கு இரண்டு முறை. அவள் காது சூடாகிவிட்டது. இடப்பக்கம் முழுக்கத் தப்பு என்று கேட்ட அதே நிமிஷத்தில் இப்படி நெஞ்சு நிமிருமா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நிமிர்ந்தது. மறைத்துக்கொள்ள அவள் முயலவில்லை.

கத்தி எடுத்தாள். கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். மூக்கோரம் முதல் தகட்டின் விளிம்பை நெம்பி, இடுக்கியால் பிடித்து இழுத்தாள். பதினோரு முறை கலந்த சாம்பலோடு அது சுருண்டு வந்தது. இரண்டாவது, மூன்றாவது. சனிக்கிழமைக்கு ஆறு நாள். நாலு நாள் ஆஸ்பத்திரி வேலை, நடுவே சாயம் காய வேண்டும். கணக்குப் போட்டால் கை நின்றுவிடும் என்று போடவில்லை. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு இடுக்கியைத் தேடி எடுத்தார். அந்தத் தடித்த விரலில் இடுக்கி ஊசி போலத் தெரிந்தது.

இரண்டு மணிக்கு அவர் கைபேசி அடித்தது. பட்டறைக் கூட்டாளி, வாரா வாரம் சீட்டாட்டத்துக்குக் கூப்பிடுகிறவர். "இன்னைக்கு இல்லப்பா," என்றார் அண்ணன், இடுக்கியை விடாமலே. "தங்கச்சி கப்பல்ல இடப்பக்கம் தகடு பிரிச்சிட்டிருக்கோம். சனிக்கிழமை வெளிய போகணும்." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "நாசகாரி. ஆமா. வலப்பக்கத்த நீ வந்து பாரு, தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் தலையைத் தூக்கவில்லை. சாயங்காலத்துக்குள் இடப்பக்கம் மொட்டையாகிவிட்டது. துடைத்தாள். முதல் புதுத் தகட்டை இடுக்கியில் எடுத்து, இந்த முறை பின்பக்க நுனியில், வலக் கோடியில் வைத்து அழுத்தினாள். அடுத்ததை அதன் மேல் ஏற்றி, இடப்பக்கமாக நகர வேண்டும். பழகாத திசை. தன் கையே தனக்கு மறைத்தது, முழங்கை போய் அண்ணன் விலாவில் இடித்தது. அவர் நாற்காலியை ஒரு சாண் நகர்த்திக்கொண்டு, மேசை விளக்கை அவள் கைக்கு அந்தப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார்.