சன்னாசிக்குச் சோறு வெச்சது யாரு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை வாங்குற மண்டோர்கிட்டயும் அடங்காது, சாமிகிட்டயும் அடங்காது. அந்த வாயாலதான் அம்பத்திரெண்டாம் வருசம் ஜெயிலுக்குப் போகப் பாத்தேன்.

எங்க ரப்பர்த் தோட்டம் பகாவ் பக்கம். வெள்ளைக்காரனை எதுத்து ஆளுங்க துப்பாக்கியோட காட்டுல ஒளிஞ்சிருந்த காலம் அது. நாங்க வரிசையாக் குடியிருந்த லயத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட்டு வெச்சு, அதுல போலீஸ் நிக்கும். பால் வெட்டப் போறப்ப ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டுல இருக்கிறவனுக்குப் போயிடுமாம். நாங்க வெறும் வயித்தோட மரம் வெட்டினோம், கொசுவுக்கு மட்டும் தடையில்லாம தீனி கெடச்சுது.

அப்படி அடைஞ்சு கெடந்தப்பதான் நீலாவதி புஸ்தகக் கூட்டம் ஆரம்பிச்சா. லாரி ஓட்டுற அவ புருசன் சிரம்பான் டவுனுக்குப் போனா பழைய புஸ்தகம் வாங்கிட்டு வருவாரு. எல்லாம் வெளிநாட்டுக் கதைங்க, தமிழ்ல எழுதினது. எங்க ஏழு பேர்ல அவளுக்குத்தான் திக்காம படிக்க வரும். ஞாயித்துக்கெழம மத்தியானம், வேலை நாள்ல கைக்கொழந்தைங்களை விட்டுட்டுப் போற பிள்ளைக் கொட்டகையில அவ படிப்பா, நாங்க கேப்போம், அப்புறம் சண்டை போடுவோம். நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிட்டு யாரும் எழுந்திரிக்கக் கூடாது. அதுதான் எங்க சட்டம்.

அந்த ஊர்ப் பேருங்க எங்க வாயில நுழையாது. அதனால நாங்களே பேரு வெச்சிக்குவோம். தோட்டத்துல யாருக்கும் இல்லாத பேராப் பாத்து வெக்கணும், இல்லாட்டி அந்தப் பேருக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க. அப்ப படிச்சுக்கிட்டு இருந்தது பனி கொட்டுற ஏதோ தேசத்துக் கதை. ஒரு பண்ணையாள் கோவத்துல மேஸ்திரியை அடிச்சுட்டான், மேஸ்திரி செத்துட்டான், இவன் காட்டுக்குள்ள ஓடிட்டான். அவனுக்குச் சன்னாசின்னு பேரு வெச்சோம். அந்த ஊர்ல மூணு பிள்ளைங்களோட தனியா இருக்கிற விதவை ஒருத்தி, வைக்கப்போருக்கு அடியில அவனுக்கு ரொட்டி ஒளிச்சு வெப்பா. அவளுக்கு முத்தாயின்னு பேரு. எங்களுக்கு ரொட்டியாவது ஒண்ணாவது, சோறுன்னுதான் பேசிக்குவோம்.

முத்தாயி செஞ்சது சரின்னேன் நான். பெத்த பிள்ளைங்களை நெனைக்காம எவனுக்கோ சோறு வெக்கிறாளே, அவ எல்லாம் ஒரு பொம்பளையான்னு கேட்டா மயிலம்மா. மயிலம்மா எனக்குப் பக்கத்து வீடு, மரம் வெட்டுறதும் பக்கத்து நிரை. ரெண்டு வாரம் இதே சண்டை.

செவ்வாக்கெழம காலையில கேட்டுல வரிசையில நிக்கறப்பகூட விடல. சோத்தை நிறுத்திட்டா சன்னாசி செத்துருவான்டி, இன்னிக்கும் ஒளிச்சு வெச்சே ஆகணும்னு நான் கத்தறேன். புதுசா வந்த தமிழ்ப் போலீஸ்காரன் காதைத் தீட்டிக்கிட்டு நின்னது எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் விடியக்காலம் ஆளுங்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற எடத்துக்கே ஜீப்பு வந்துச்சு. பஞ்சாலை யாருன்னு கேட்டு என்னை ஏத்தினாங்க. என் பொண்ணு மாரியம்மாவுக்கு ஒம்பது வயசு. ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில் போடப் போன அவ அப்பா திரும்பல, எங்களுக்கு வேற யாரும் இல்ல. ஜீப்புக்குப் பின்னால அம்மா அம்மான்னு ஓடி வந்தா. லயமே பாத்துக்கிட்டு நின்னுச்சு, ஒருத்தரும் அவ கையைப் புடிக்கல. புடிச்சா அவங்களும் கூட்டாளின்னு ஆயிடும்.

தோட்டத்து ஆபீசுல ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் தொரை உக்காந்திருந்தாரு. அவரு பேச்சைத் தமிழ்ல சொல்ல, ஆபீசுல கணக்கு எழுதுற அர்ச்சுனன்னு ஒரு தமிழ்க் கிராணி. சன்னாசி எங்க ஒளிஞ்சிருக்கான், யாரு சோறு வெக்கிறதுன்னு கேட்டாங்க. ஐயா, அது கதைன்னேன். அப்போ புஸ்தகத்தைக் கொண்டான்னாங்க. ஆளு போயிட்டு வந்து சொன்னான், நீலாவதி பயந்துபோயி காலையிலேயே அதை அடுப்புல போட்டுட்டாளாம். அடிப்பாவி! ஒத்துக்கலைன்னா விசாரணையே இல்லாம ரெண்டு வருசம் உள்ள இருக்கணும்னாரு அர்ச்சுனன். என் பொண்ணுன்னேன். அவரு கூட்டத்துல இருந்த மத்தவங்க பேரைக் கேட்டு எழுதிக்கிட்டாரு.

மத்த ஆறு பேரையும் ஒவ்வொருத்தரா பக்கத்து ரூமுக்குக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. நடுவுல பலகைச் சுவருதான், எல்லாம் கேட்டுச்சு. நீலாவதி அழுதுகிட்டே முதல் அத்தியாயத்துலேர்ந்து ஒப்பிச்சா. முருகையா அண்ணன், சன்னாசி அன்னிக்கே சரணடைஞ்சிருக்கணும்னாரு. கடைசியா வந்த மயிலம்மா, அந்த முத்தாயி புத்திகெட்டவ, பஞ்சாலை சும்மா அவளுக்கு வக்காலத்து வாங்குறான்னாளே பாக்கணும். எனக்குப் பொறுக்கல. எங்க இருக்கேன்னே மறந்துபோச்சு. பசிச்சவனைத் தொரத்தச் சொல்றியாடின்னு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். அந்தப் பக்கமிருந்து அவளும் கத்தினா.

அர்ச்சுனன் சிரிப்பை அடக்கிக்கிட்டு வந்தாரு. ஆறு பேரும் ஒரே கதையைத்தான் சொல்றாங்க, ஆனா ஒருத்தர் நியாயம் இன்னொருத்தருக்கு ஒத்துவரல, பேசி வெச்சுக்கிட்டு வந்தவங்க இப்படி அடிச்சிக்க மாட்டாங்கன்னு தொரைகிட்ட சொன்னாராம். தொரை அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு, என்னை மட்டும் இருக்கச் சொன்னாரு. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. அதைத் தமிழ்ல சொல்றப்ப அர்ச்சுனன் முகத்துல சிரிப்பு இல்ல.

"நெசமாவே ஒருத்தன் பசியோட உன் வாசலுக்கு வந்தா, சோறு போடுவியா?"

போடுவேன்னா ஜெயில். போட மாட்டேன்னு சொல்ல நாக்கு வரல. என் பொண்ணு ஓடி வந்த ஓட்டம் கண்ணுக்குள்ளயே நிக்குது.

"ரெண்டு வாரமா ஏழு பேரும் அதைத்தான் பேசிக்கிட்டு இருக்கோம் ஐயா," ன்னேன். "இன்னும் முடிவாகல."

அதை அர்ச்சுனன் சொன்னதும் தொரை பேனாவை மூடி வெச்சாரு. அப்புறம் போகச் சொன்னாரு. இனிமே கூட்டம் போட்டா ஆபீசுல சொல்லிட்டுப் போடணும்னு ஒரு உத்தரவு. வாசல் வரைக்கும் வந்த அர்ச்சுனன், சன்னாசி பொழைச்சானான்னு மெல்லக் கேட்டாரு. நாலு அத்தியாயம் படிக்காம எரிஞ்சுபோச்சேன்னேன். சிரம்பான் கடைங்கள்ல இன்னொண்ணு கெடைக்குதான்னு தேடறேன்னாரு மனுசன்.

ஓட்டமும் நடையுமா லயத்துக்கு வந்தேன். என் வீடு பூட்டிக் கெடந்துச்சு. மயிலம்மா வீட்டு அடுப்படியில, அவ பிள்ளைங்களுக்கு நடுவுல உக்காந்து மாரியம்மா கருவாட்டுக் கொழம்பு ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. காலையில ஜீப்பு கண்ணுக்கு மறைஞ்சதுமே, போலீஸ்காரன் பாத்துக்கிட்டு நிக்க, மயிலம்மா போயி கையைப் புடிச்சு கூட்டிட்டு வந்துட்டாளாம். எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு.

"அப்போ முத்தாயி செஞ்சது சரிதானேடி?"

"தப்புதான்," னு சொல்லிட்டு மயிலம்மா எனக்கும் ஒரு தட்டை எடுத்து வெச்சா. "உக்காந்து சாப்பிடு. ஞாயித்துக்கெழம பேசிக்கலாம்."