இடப்பக்கத்துச் சிராய்ப்பு

மூன்றாவது முறையாக அண்ணனுடைய வேனுக்கு இடப்பக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. வலப்பக்கம் ஷோரூமிலிருந்து நேற்று வந்ததுபோல் பளபளவென்று இருந்தது. இடப்பக்கம் கதவில் உள்வாங்கிய ஒரு டொக்கு, பின்சக்கரத்துக்கு மேலே நீளமாகச் சிராய்ப்பு. டயரின் ஓரம் நடைபாதைக் கல்லில் உரசி உரசி மழுங்கியிருந்தது. புதிதாக ஓட்ட வருகிறவர்கள்தான் இப்படி இடப்பக்கம் இடிப்பார்கள். அண்ணனோ சந்துபொந்தெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவான் என்று பேர் எடுத்தவன்.

இந்த டிப்போவின் டெலிவரி வேன்கள் அத்தனைக்கும் நான்தான் தலைமை மெக்கானிக். நான் தலையாட்டினால்தான் காலையில் வண்டி வெளியே போகும். ஓட்டுநர்கள் ஆயிரம் கதை விடுவார்கள், நான் காதில் வாங்குவதில்லை. எவன் கிளட்சிலிருந்து காலை எடுப்பதே இல்லை, எவன் வீட்டுச் சண்டையை பிரேக்கில் தீர்க்கிறான் என்பதெல்லாம் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட நான் அண்ணன் வண்டியை மட்டும் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஸ்பேனர் என்று வீடே குதித்தபோது எனக்காக மல்லுக்கு நின்றவன் அவன் ஒருவன்தான்.

லோடு ஏற்றி முடிந்ததும் அண்ணன் எஞ்சினைக் கிளப்பினான். ஓட்டுநர் கதவருகே போய் நின்றேன்.

"என்ன பாப்பா, மாட்டியாச்சா? இந்த வாட்டி பைக்குக்காரன் ஒருத்தன் வந்து சொருகிட்டான்."

"போன வாட்டி லாரிக்காரன்னு சொன்ன."

"அவனுந்தான். ஊரே எனக்கு எதிரா கெளம்பியிருக்கு."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இடது கண்ணு எப்போலேர்ந்துண்ணே தெரியல?"

ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"லேசா மங்கல். அவ்ளோதான். உன் அண்ணிக்கே தெரியாது, வாய விட்றாத."

"அந்தப் பக்கம் ஒரு கொழந்த குறுக்க வந்தா?"

"நான் பாத்துப்பேன்."

"எத வெச்சுப் பாப்ப?"

அவன் குரல் இறங்கிவிட்டது. "இத விட்டா எனக்கு என்ன தெரியும், சொல்லு. நீ ஒருத்தி கண்டுக்காம இருந்தா போதும்."

இதுவரை அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. "வண்டிய விட மாட்டேண்ணே" என்றேன்.

எஞ்சினை நிறுத்தினான். இறங்கி, கதவில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பின்னால் நின்ற வேன்காரர்கள் ஹாரனைப் போட்டு அலறவிட்டார்கள். ஒதுங்கிப் போங்கள் என்று அவர்களுக்குக் கை காட்டிவிட்டு வந்து, அவனுடைய இடது தோள் பக்கமாக நின்றேன்.

கடைசியில் முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"சரி, புடி" என்று சாவியை நீட்டினான், நான் முதலில் நின்றிருந்த பக்கம் பார்த்து. "பாப்பா? எங்க போன?"

சாவி காற்றில் நீண்டபடியே இருந்தது.