நாற்பத்தொன்றாவது வரி

அருங்காட்சியகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள், ஆனால் அவளுக்கு உள்ளூரப் பெருமை. பதினொரு வருடமாக அங்கே அவள்தான் எடிட்டர். கண்ணாடிப் பெட்டிகளின் விளக்கக் குறிப்பிலிருந்து கழிப்பறைக் கதவில் தொங்கும் அறிவிப்பு வரை அவளுடைய நீலப் பென்சில் படாமல் எதுவும் சுவரேறாது. ஆய்வாளர்கள் உருகி உருகி இருநூறு வார்த்தை எழுதிக் கொண்டுவந்தால் அறுபதுக்குள் அடக்கிவிடுவாள். "நின்னுக்கிட்டே படிக்கிறவனுக்குக் கால் வலிக்கும்ல?" என்பது அவள் வாதம். வீட்டிலும் அதே கதைதான். முதுகுவலியால் ஆறு மாதமாக வீட்டோடு இருக்கும் பஸ் டிரைவரான அவள் கணவர் மளிகைச் சீட்டு எழுதினால்கூட இரண்டு வரியை அடித்துத்தான் கையில் வாங்குவாள்.

அன்று மாலை நான்கு மணிக்குப் புதிய கூடம் திறக்கவிருந்தது. அறுபது வருடத்துக்கு முன்னால் அந்த ஊர்ப் பஞ்சாலையில் பிடித்த தீயில் மாட்டிக்கொண்டு செத்த பெண்களுக்கான கூடம். உள்ளே நுழைந்தால் எதிர்ச்சுவர் முழுக்க அவர்கள் பெயர், வயது, வேலை பார்த்த பிரிவு. மேலே பெரிய எழுத்தில் 'திரும்பி வராத நாற்பது பேர்' என்று தலைப்பு. நான்கு வரிசை, வரிசைக்குப் பத்துப் பெயர். ஒரு எழுத்து கோணாமல் அவ்வளவு லட்சணமாக அமைந்திருந்தது.

பதினொன்றே கால் மணிக்கு வரவேற்பு மேசையிலிருந்து போன் வந்தது.

"அக்கா, ஒரு அம்மா வந்திருக்காங்க. நாலு மணிக்குத்தான் திறப்புன்னு சொன்னேன். பஸ்ஸை நம்ப முடியாது, அதான் இப்பவே வந்துட்டேங்கிறாங்க. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

வந்திருந்தவர் ஒரு தையல்காரம்மா. எழுபத்தொரு வயது. இஸ்திரி மடிப்புக் கலையாத உடுப்பு, மடியில் இறுக்கிப் பிடித்த கைப்பை. கத்திரியைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை அளவெடுத்துவிட்டுக் கேட்டார்.

"பேரெல்லாம் எழுதினது நீங்கதானா?"

"எழுதினது எங்க ஆய்வாளர்மா. பிரசவ லீவுல இருக்கா. நான் திருத்தினேன்."

"எல்லாம் ஒண்ணுதான். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதானே இருக்காங்க?"

"எந்த ரெண்டு பேரு?"

"எங்க அக்காவும் எங்க பெரியப்பா மகளும். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, எங்க அப்பாவைப் பெத்தவங்க பேரு. மூணு மாசம் முன்னப்பின்னப் பொறந்தவங்க. பத்தொன்பது வயசு, ஒரே நூற்புப் பிரிவு, ஒரே ஷிப்டு. ஒருத்தியைக் கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்புவாங்களாம். மில்லுல அது ஒரு கூத்து."

கத்திரியின் முகம் மாறியதைக் கவனிக்காமல் தையல்காரம்மா பேசிக்கொண்டே போனார்.

"மில்லுக்காரங்க நாற்பது பேருன்னுதான் அறிக்கை விட்டாங்க. ஒரே பேரு ரெண்டு தடவை தப்பா ஏறியிருக்குன்னு சொல்லி ஆள் பதிவேட்டுல எவனோ ஒரு குமாஸ்தா ஒண்ணை அடிச்சிட்டான். அடிபட்டது எங்க அக்கா. அவ எங்கடான்னு போய்க் கேட்டா, செத்தது ஒருத்திதான், உங்க பொண்ணு அந்தச் சந்தடியில எவன்கூடயாவது ஓடிப் போயிருப்பான்னு சொன்னாங்க. எல்லாரையும் ஒரே குழியில போட்டு மூடிட்டாங்கம்மா, பக்கத்துல யாரையும் விடல. எங்க அம்மா சாகிற வரைக்கும் தெருவுல தலை நிமிர்ந்து நடக்கல. போன வருஷம் உங்க ஆய்வாளர் பொண்ணுதான் இடுகாட்டுப் பதிவேட்டைத் தேடிப் புடிச்சுது. குழி வெட்டினவரு கழுத்துல மில்லுக்காரங்க மாட்டிவிட்ட பேருத் தகட்டைப் பார்த்து ஒவ்வொரு பேரா எழுதி வச்சிருக்காரு, அப்பா பேரோட. ரெண்டு பேரும் இருக்காங்கம்மான்னு வீடு தேடி வந்து சொல்லிச்சு." கைப்பையைத் திறந்து புதிய மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் காட்டினார். "இதுக்குன்னே கண்ணாடி மாத்தினேன். செவுத்துல ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்."

"இருங்கம்மா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள் கத்திரி. ஓடினாள் என்றால் ஓடியேதான் போனாள், அந்த நாற்பத்தெட்டு வயதில்.

அவள் எந்தத் தாளையும் எறிகிறவள் அல்ல. கோப்பு அலமாரியிலேயே இருந்தது. ஆய்வாளர் கொடுத்த பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, பிரிவு என்று நான்கு கட்டங்கள், நாற்பத்தொரு வரிகள். பிப்ரவரியில் சுவரில் இடம் போதவில்லை என்று தகப்பன் பெயர்க் கட்டத்தை முழுசாக நீக்கியிருந்தாள். அப்படி நீக்கிச் சுத்தமாகத் தட்டச்சு செய்த பிரதி மார்ச்சில் மேசைக்கு வந்தது. அதில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு வரிகள் அடுத்தடுத்து நின்றன. தட்டச்சில் ஒரு வரி இருமுறை விழுவது அவள் ஆயிரம் தடவை பார்த்த பிழை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் அல்லவா, விடுவாளா? ஒன்றை அடித்தாள். அடித்ததோடு நிற்காமல் மில் அறிக்கையை எடுத்துச் சரிபார்த்தாள். அதுவும் நாற்பது என்றது. சபாஷ் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தலைப்பில் இருந்த நாற்பத்தொன்றையும் நாற்பது ஆக்கினாள். ஓரத்தில் தேதியும் அவளுடைய சுருக்கொப்பமும் இருந்தன. திருத்தியவர் ஒப்பமிட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்ததே அவள்தான்.

அந்தக் குமாஸ்தா செய்ததையே அறுபது வருடம் கழித்து அவளும் செய்திருக்கிறாள். அவன் பிழைப்புக்காகச் செய்தானோ, சோம்பலில் செய்தானோ. அவள் கெட்டிக்காரத்தனத்தில் செய்தாள். நினைக்க நினைக்கத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கூடத்தில் எழுத்து ஒட்டுகிறவர் ஏணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு வரி சேர்க்கணும். தலைப்புல ஒரு வார்த்தை மாத்தணும்."

"இப்பவா? என்னக்கா விளையாடறீங்களா? வெட்டுற மெஷின் கடையில இருக்கு, ஊரோட அந்தக் கோடி, மூணு மணி வரைக்கும் அங்க கரண்ட் கிடையாது. போய் வெட்டி எடுத்துட்டு வர்றதுக்குள்ள ரிப்பன் வெட்டி முடிச்சிடுவாங்க. அதுவும் இயக்குநர் கையெழுத்து இல்லாம நான் செவுத்தைத் தொட மாட்டேன். போன தடவை தொட்டு வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்."

இயக்குநர் வெளியே போயிருந்தார், அவர் திரும்பி அவள் அறைக்குள் போனபோது மணி இரண்டே முக்கால். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். சிறப்பு விருந்தினராக ஒரு நீதிபதி வருகிறார் என்று காலையிலிருந்து மூன்று தடவை சட்டை மாற்றியிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சரி, தப்புதான். அடுத்த வாரம் மாத்திடலாம்."

"அந்த அம்மா கீழே உட்கார்ந்திருக்காங்க சார்."

"விழா மேடையில முன் வரிசையில உட்கார வைங்க. கூடத்துல கூட்டம் ஜாஸ்தி, இன்னொரு நாள் நிதானமா பார்க்கலாம்னு சொல்லுங்க. யாரு அங்க போய் எண்ணிக்கிட்டு இருக்கப் போறா?"

"அவங்க எண்ணுவாங்க சார்."

அவர் கோப்பை வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் இருந்த ஒப்பத்தின்மேல் விரலை வைத்தார். "இது யாரோடதுன்னு நான் கேட்கல. உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிக்கிற ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. இன்னிக்கு நீதிபதி முன்னால இது வெளிய வந்தா அதை நான் எந்த முகத்தோட மேல அனுப்புறது? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

படியிறங்கும்போது கணவரிடமிருந்து போன். "என்ன, கையெழுத்து ஆச்சா?" என்றார். "ஆகும், ஆகும்" என்று மென்று விழுங்கினாள். வீட்டில் இப்போது வருகிற ஒரே சம்பளம் அவளுடையதுதான். இயக்குநர் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஏழு வார்த்தை, கச்சிதமாக இருந்தது. வெட்டுவதற்கு ஒன்றுமில்லை.

தையல்காரம்மா நாற்காலியிலேயே இருந்தார். கொடுத்திருந்த டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. புதுக் கண்ணாடியை இப்போதே மாட்டிக்கொண்டு எதிர்ச்சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தெரியுதும்மா" என்றார் சந்தோஷமாக. "சின்ன எழுத்துகூடத் தெரியுது."

கத்திரியின் கச்சிதமான வாக்கியம் எங்கோ போய்விட்டது.

"அம்மா, உங்க அக்கா செவுத்துல இல்ல. ஒரு பேருதான் இருக்கு. ரெண்டு வரி ஒரே மாதிரி இருக்கவும் நான்தான் ஒண்ணை அடிச்சிட்டேன். அப்பா பேரைத் தூக்கினதும் நான்தான். ஆய்வாளர் சரியாத்தான் எழுதிக் கொடுத்தா."

தையல்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். மடித்துக் கூட்டில் வைத்தார். கூட்டைப் பைக்குள் வைத்தார். அதற்கு அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

"நீயுமா?"

கத்திரி தலையாட்டினாள்.

"எங்க அப்பா பேரு உங்க செவுத்துல அவ்வளவு எடத்தை அடைச்சிருச்சா?"

இயக்குநரைத் திட்டலாம், ஒட்டுகிறவரைச் சொல்லலாம். அது இரண்டையும் அவள் செய்யவில்லை. வரவேற்பு மேசைக்காரி கணினிக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இப்ப என்ன பண்ணுவ?"

"அடுத்த வாரம் ஒட்டிடுவோம். இன்னிக்கு எழுத்து வெட்ட ஆள் இல்லம்மா."

"அன்னிக்கும் எங்க அம்மாகிட்ட அடுத்த வாரம் வரச் சொன்னாங்க." தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீ எதால அடிச்ச?"

கத்திரியின் கை தானாகக் காதுக்குப் போனது. நீலப் பென்சில் வழக்கம்போல அங்கேதான் செருகியிருந்தது.

"இதாலதான்."

"அப்ப இதாலயே எழுது."

மணி மூன்று இருபது. கூடத்தின் சாவி காவலாளியிடம். அவர் கத்திரியின் அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திறந்துவிட்டார். தையல்காரம்மாவுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பெயர்ச் சுவருக்கு நேர் எதிரே போட்டாள். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. பதினொரு வருடத்தில் அங்கே எந்தச் சுவரிலும் கையெழுத்து விழ அவள் விட்டதில்லை. ஒரு தடவை ஒரு தச்சன் ஆணிக்கு அடையாளம் வைத்த புள்ளிக்காக அவனை ஒரு வாரம் பேசியே கொன்றிருக்கிறாள்.

மூன்றாவது வரிசையில் நான்காவது வரி அந்தப் பெயர். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நான்காவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவே இடைச்செருகும் குறியைப் போட்டாள், தாளில் போடுவதைப் போலவே. குறியிலிருந்து ஒரு கோட்டை வெளியே இழுத்து, வரிசைகளுக்கு இடையில் இருந்த வெறும் இடத்தில் அதே பெயரை, அதே வயதை, அதே பிரிவை எழுதினாள். பிறகு திரும்பினாள்.

"அப்பா பேரு சொல்லுங்கம்மா."

தையல்காரம்மா சொன்னார். பெரியப்பா பெயரையும் சொன்னார். இரண்டு வரிகளுக்குப் பக்கத்திலும் எழுதினாள். தையல்காரம்மா எழுந்து வந்து மூக்கு சுவரில் இடிக்கிற தூரத்தில் நின்று சரிபார்த்தார்.

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. காவலாளி எட்டிப் பார்த்து, "வந்துட்டாங்க அக்கா, சீக்கிரம்" என்றார். தலைப்பு எட்டாத உயரத்தில் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். 'நாற்பது' என்ற வார்த்தையின் குறுக்கே ஒரு கோடு. அதற்குமேல் 'நாற்பத்தொரு'. நாற்காலி ஆடியது, தையல்காரம்மா அதன் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாசலில் ரிப்பன் வெட்டிக் கை தட்டினார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதை விட்டுவிட்டால் யார் செய்தது என்று யாருக்கும் தெரியாமலே போகலாம். கத்திரி இறங்கிவந்து, சுவரின் ஓரத்தில் தேதி போட்டுத் தன் சுருக்கொப்பத்தை இட்டாள்.

கதவு திறந்தது. முன்னால் நீதிபதி, பக்கத்தில் இயக்குநர், பின்னால் ஐம்பது அறுபது பேர். இயக்குநர் சிரித்த முகத்தோடு சுவரை நோக்கிக் கையை நீட்டியவர் நீட்டியபடியே நின்றுவிட்டார். நீதிபதி அருகில் வந்தார். தலைப்பைப் பார்த்தார், கோட்டைப் பின்தொடர்ந்து வந்து நடுவில் இருந்த நீல எழுத்தில் நின்றார்.

"இது என்ன, யாரோ கிறுக்கியிருக்காங்க?"

இயக்குநர் கத்திரியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவர் மேசையில் இருந்த ஒப்பந்தக் கோப்பு மூடிக்கொண்டது, அது அவளுக்குப் புரிந்தது. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் தையல்காரம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதில் நிதானமாக உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கிறுக்கல் இல்லைங்க ஐயா" என்றார். "அது எங்க அக்கா. எங்கேயும் ஓடிப் போகல."