எல்லோரும் பார்த்த முகம்

கஜபதி இறந்துபோன செய்தி அம்பத்தூரிலிருந்து வந்தபோது, ஆஸ்திரியாவில் ஓர் ஏரிக்கரைக் கூடார முகாமில் ராணி உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். செய்தி வந்தது அவள் புருஷன் சம்பந்தத்தின் போனுக்கு. பேசி முடித்தவர் போனைப் பையில் போடாமல் கையிலேயே பிடித்தபடி நின்றார். தொழிற்சங்கத்திலேயே தலை நரைத்தவர், எந்த அதிகாரி முன்னாலும் வாயடைத்துப் போகாத மனுஷன். அடுப்பருகே வந்து மனைவியின் காதில் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

கஜபதியின் மனைவி லோகநாயகி கொஞ்சம் தள்ளி, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில் புடவை உலர்த்திக்கொண்டிருந்தாள். உப்புமாவில் முந்திரி போட்டாச்சா என்று அங்கிருந்தே கேட்டாள். போட்டாச்சு என்றாள் ராணி. அதுதான் முதல் பொய். முந்திரி தீர்ந்துபோய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஐரோப்பா சுற்றிப் பார்க்க அந்த பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் ஆவடி குவார்ட்டர்ஸ்காரர்கள். ராணுவத் தொழிற்சாலையில் ஒரே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் அவர்களுடைய மனைவிமார்களும். ஹோட்டலில் தங்கினால் ரொட்டியைத் தின்றே செத்துப்போவோம், கூடாரம் என்றால் நாமே பொங்கித் தின்னலாம் என்பது சம்பந்தத்தின் யோசனை. வயசான காலத்தில் தரையில் படுத்து எழுந்திருக்க ஆள் வைக்க வேண்டுமே என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் வந்தார்கள். குமணன்சாவடி சிக்னலில் ஹாரன் அடிக்காமல் ஒரு முழம்கூட நகர முடியாத ஜனங்களுக்கு, நாள் முழுக்க ஹாரனே தொடாத வெள்ளைக்கார டிரைவரைப் பார்ப்பதே பெரிய வேடிக்கையாக இருந்தது.

கஜபதியும் வந்திருக்க வேண்டியவர்தான். இதயம் இருக்கும் நிலைமைக்கு விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரெண்டு பேரும் ஊட்டுல குந்திகினு இன்னா பண்றது, நீ போய்ட்டு வா என்று பெண்டாட்டியை விரட்டி அனுப்பிவிட்டு, அம்பத்தூரில் மகன் ஜெகதீஷின் பிளாட்டில் போய் இருந்தார். ராணிக்கும் லோகநாயகிக்கும் ஒரே சுவர் வீடு. ஒருத்தி வீட்டில் தாளித்தால் இன்னொருத்தி தும்முவாள். அதனால் ஆள் இல்லாத லோகநாயகியைத் தன் கூடாரத்தில் சேர்த்துக்கொண்டு, சம்பந்தத்தை ஆண்கள் கூடாரத்துக்குத் துரத்தியிருந்தாள் ராணி.

சாப்பாடு முடிந்ததும் லோகநாயகியைக் குளிக்க அனுப்பிவிட்டு எல்லோரும் சமையல் கொட்டகையில் கூடினார்கள். சம்பந்தம் மறைக்காமல் சொன்னார். அம்மாவுக்கு விமானம் மாறிப் பழக்கமில்லை, பாஷையும் தெரியாது, யாராவது ஒருத்தர் கூட்டிக்கொண்டு வந்தால் அதுவரை அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று ஜெகதீஷ் கேட்டிருக்கிறான். கேட்டு முடித்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. ஒருவர் தன் முட்டிவலியைச் சொன்னார். இன்னொருவர், கூடப் போகிறவர் திரும்பி வந்து சேர்ந்துகொள்ள முடியாதே என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். சுவிட்சர்லாந்துப் பனிமலையும் பாரீஸும் இன்னும் பாக்கி இருந்தன.

போகவேண்டியவள் ராணிதான். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், ராணிக்கும் தெரியும். நான் போகிறேன் என்று சொல்ல வாய் திறந்தவள், டம்ளரைத் தூக்கி ஆறிப்போன டீயைக் குடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து பூந்தமல்லி தாண்டிப் போனதெல்லாம் திருப்பதிக்கும் சாவு வீடுகளுக்கும்தான். வந்த இடத்திலும் ஒரு சாவுக்காகப் பாதியில் திரும்பவேண்டுமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததே கேவலம்தான், ஆனாலும் வந்தது.

"அந்தப் பொம்பள தாங்காதுப்பா. வழியிலயே எதுனா ஆயிடும். எடுத்துடுங்க. வந்தப்புறம் நாங்க பக்குவமா சொல்லிக்கிறோம்" என்று சம்பந்தம் ஜெகதீஷுக்குச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அது லோகநாயகியின் நன்மைக்காகத்தான் என்று கொட்டகையை விட்டு வெளியே வருவதற்குள் அவர்களே நம்பிவிட்டார்கள். ஜெகதீஷும் மறுபேச்சுப் பேசவில்லை.

மறுநாள் காலை அம்பத்தூரில் உடலை எடுத்தார்கள். அதை வீடியோவில் காட்டச் சொல்லி சம்பந்தம் ஏற்பாடு செய்திருந்தார். கூட வேலை பார்த்தவர்கள் கடைசியாக முகம் பார்க்கவேண்டாமா? அந்த நேரத்தில் லோகநாயகியை அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ராணிக்கு வந்தது. போர்வையெல்லாம் நாறுகிறது என்று சொல்லி அவளை முகாமின் சலவை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மெஷின் சுற்றுவதைப் பார்த்தபடி இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். லோகநாயகி முந்தின நாள் படகில் எடுத்த போட்டோக்களைப் புருஷனுக்கு ஒவ்வொன்றாக அனுப்பினாள். கொட்டகைப் பக்கமிருந்து யாரோ அழும் சத்தம் கேட்டது. யாரது என்றாள். சுசீலாவுக்குப் பேரன் ஞாபகம் வந்துவிட்டது, கிறுக்கு என்றாள் ராணி. லோகநாயகி சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் போனில் பதில் வந்தது. நல்லா இருக்கு, சாப்பிட்டியா என்று. அப்பாவின் போனை ஜெகதீஷ் கையில் வைத்திருந்தான். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பிள்ளை எப்படித்தான் அதைத் தட்டினானோ. இவருக்கு எழுத வராதே, எப்பவும் பேசித்தானே அனுப்புவார் என்று லோகநாயகி கேட்டதற்கு, தொண்டை கட்டிக்கொண்டது, ஜெகதீஷ்தான் தட்டுகிறான் என்று மறுபடி ஒரு பதில் வந்தது.

அதற்குப் பிறகு பஸ்ஸே மாறிப்போனது. பாட்டுப் போட்டி நின்றது. சீட்டுக்கட்டு வெளியே வரவில்லை. லோகநாயகி ஏறினால் முன் சீட்டு காலியாயிற்று. ஆப்பிளை நறுக்கித் தட்டில் வைத்து நீட்டினார்கள். நாலாயிரம் கதை பேசுகிற ஆண்கள் அவளைக் கண்டால் கூடாரத்து ஆணியைச் சரிபார்க்கக் குனிந்தார்கள். எல்லாரும் இன்னாக்கா இப்டி கீறாங்க என்று அவள் கேட்டபோது, ஊருக்குப் போகிற கவலை என்று ராணி சமாளித்தாள்.

ஆண்களாவது ஒதுங்கிப் போனார்கள். பெண்களால் சும்மா இருக்க முடியவில்லை. தாலி இறக்குவதற்கு முன்னால், அந்தப் பெண்ணுக்குக் கடைசியாக ஒருமுறை தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலும் போட்டு அழகு பார்ப்பது ஊர் வழக்கம். ஊர் திரும்பியதும் அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் காத்திருக்கிறது. பாவம், அதுவரைக்குமாவது வைத்துக்கொள்ளட்டுமே என்று ஒவ்வொருத்திக்கும் மனசு அடித்துக்கொண்டது. பனிமலை அடிவாரத்தில் ஒருத்தி ரோஜா வாங்கி, நூலில் கட்டி அவள் கொண்டையில் வைத்தாள். மறுநாள் இன்னொருத்தி ஏதோ ஊதாப் பூவைப் பறித்து வந்தாள். சுசீலா தன் கையிலிருந்த கண்ணாடி வளையல்களையே கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். எனக்கு இறுக்குது, உனக்குத்தான் சரியா இருக்கும் என்று காரணம் வேறு சொன்னாள். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி செய்தாள். ஆளுக்கு ஒரு நாள் என்று போட்டது, சேர்த்துப் பார்த்தால் என்னவாகும் என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை. ராணியும் தன் பங்குக்குத் தினமும் அவளுக்குத் தலைவாரிக் கொண்டை போட்டாள்.

பாரீஸும் வந்தது. பொய் சொல்வானேன், அந்தக் கோபுரத்தை ராணி வாய் பிளந்துதான் பார்த்தாள். கண் நிறையப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற லோகநாயகி, அவரும் வந்திருக்கலாம் இல்லக்கா என்றபோதுதான் கண்ணைத் தாழ்த்தினாள்.

கடைசி நாள் கூடாரங்களை எல்லாம் சுருட்டிக் கட்டிவிட்டு விமான நிலையத்துக்குப் புறப்பட்டார்கள். பஸ் கிளம்பின கொஞ்ச நேரத்தில் சுசீலா எழுந்து வந்து, மடிப்புக் கலையாத ஒரு புதுப் புடவையை லோகநாயகியின் மடியில் வைத்தாள். எடுத்தேன், எனக்குக் கலர் பிடிக்கல, நீ வச்சுக்கோ என்றாள்.  முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

லோகநாயகி புடவையைப் பிரிக்கவில்லை. அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்தாள். முழங்கை வரை வளையல். பின்னால் கை போட்டு, கொண்டையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க அக்காவுக்கு நான்தான் பூ வச்சு உட்டேன்" என்றாள் மெதுவாக. "அன்னிக்கும் இப்டித்தான். ஒருத்தரும் மொகத்தப் பாக்காம வச்சாங்க. எப்போக்கா போனாரு?"

ராணியால் இனிமேல் பொய் சொல்ல முடியவில்லை. அந்த ஏரிக்கரையில் இருந்தபோது என்றாள். எடுத்துட்டாங்களா என்று கேட்டாள் லோகநாயகி. ராணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஜெகதீஷு என்னைக் கூப்புடலியா?"

"கூப்ட்டான். யாராச்சும் கூட்டினு வந்தா வச்சிருக்கேன்னு சொன்னான்."

"யாரும் வரலியா?"

ராணி தன் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். லோகநாயகி அதை இரண்டாம் தடவை கேட்கவில்லை. நான் தனியாகவே போயிருப்பேனே, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று மட்டும் சொன்னாள். அழுவாள் என்று ராணி பயந்துகொண்டிருந்தாள். அவள் அழவில்லை. போனில் காட்டினார்களா என்று கேட்டாள். ஆமாம், எல்லோரும் பார்த்தார்கள் என்று ராணி சொன்னாள். போட்டோ இருக்கிறதா? உன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று எல்லோர் போனிலும் அழிக்கச் சொல்லிவிட்டார்கள் என்றாள் ராணி.

லோகநாயகி புடவையை சீட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் சீட்டில் இருந்த சம்பந்தத்திடம் போனாள். "அவரு மொகம் எப்டி இருந்துச்சுண்ணே?" என்றாள்.

சம்பந்தம் எழுந்திருக்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். தூங்குற மாரிதாம்மா என்றார் கடைசியில். அவள் அடுத்த சீட்டுக்குப் போனாள். அதே கேள்வி. நெத்தி நிறைய விபூதி வைத்திருந்தார்கள் என்று சொல்லிவிட்டு சுசீலா ஓவென்று அழுதாள். அழுது முடிக்கும்வரை நின்றுவிட்டு லோகநாயகி நகர்ந்தாள். தாடியை எடுத்திருந்தார்கள், வயசு குறைந்த மாதிரி இருந்தது என்றார் ஒருவர். சரியாகத் தெரியவில்லை, கூட்டம் மறைத்தது என்றார் இன்னொருவர். இடது கண் முழுசாக மூடவில்லை என்று கடைசி சீட்டுக்காரர் உண்மையைச் சொன்னார். அதைக் கேட்டதும் அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.  வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் திரும்பி வருவதை ராணி பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்வது, வைதாலும் அடித்தாலும் சரி என்று இருந்தாள். லோகநாயகி அவள் முழங்காலைத் தாண்டி, ஜன்னலோரத்துத் தன் இடத்தில் உட்கார்ந்து, புடவையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்கள இன்னாத்த கேக்குறது?" என்றாள். "நீங்க பாக்கலியே. அன்னிக்கு மெஷினாண்ட என்கூடத்தான இருந்தீங்க."