எட்டு, நான்கு, பூஜ்யம்

முன்னால் ஓடச் சொன்னால் ஓடுகிறாள். இடப்பக்கம் ஒடித்து ஓடச் சொன்னாலும் ஓடுகிறாள். நின்ற இடத்தில் குதிக்கச் சொன்னால் குதிக்கிறாள். ஆனால் இடப்பக்கம் ஒடித்து ஓடிக்கொண்டே குதிக்கச் சொன்னால் மட்டும் திரையில் இருக்கும் வீராங்கனைக்குக் காது கேட்பதில்லை. நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுகிறாள்.

ஏன் என்று சிட்டுவுக்குப் பிடிபடவே இல்லை. அவள் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். விரல்கள் பறக்கிற பறப்பைப் பார்த்துக் கடையில் வைத்த பெயர்தான் சிட்டு. கீபோர்டின் வலது ஓரத்தில் எண்களுக்கென்று தனியாக ஒரு கட்டம் உண்டல்லவா, எட்டு வருஷமாக அவளுடைய வலது கை குடியிருப்பது அங்கேதான். மவுஸ் இடது கைக்கு. விளையாட்டிலும் அதே பழக்கம். எட்டு முன்னால் போக, நான்கு இடப்பக்கம், ஆறு வலப்பக்கம், குதிக்கக் கட்டைவிரலால் பூஜ்யம்.

அவளுடைய கணினி விளையாட்டு அணியில் ஐந்து பெண்கள். சேர்ந்து போய் ஒரே மாடல் கீபோர்டாக ஐந்து வாங்கினார்கள். மற்ற நால்வருக்கும் ஒரு குறையும் இல்லை. போன இரண்டு ஆட்டமும் சிட்டு பள்ளத்தில் விழுந்ததால்தான் கைவிட்டுப் போயின. ஞாயிற்றுக்கிழமை தகுதிச் சுற்று. பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கும் அணித் தலைவி போன் செய்தாள். சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சியிலும் இப்படியே என்றால் வேறொரு பெண்ணை இறக்கலாம் என்றிருப்பதாகவும், சிட்டு இதை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் தணிந்த குரலில் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அக்காவின் கணவர் எலக்ட்ரீஷியன். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, புது வீட்டில் சுவிட்ச் சரிபார்ப்பதுபோல் ஒவ்வொரு விசையாக நூற்றுச் சொச்சத்தையும் அழுத்திப் பார்த்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

"கீபோர்டு கல்லுமாதிரி இருக்கு. கைதான் உதறுது போல" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். அக்கா சிரித்தாள், சிட்டுவும் சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் கடையில் ஒவ்வொரு பில்லையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். அதுவரை அப்படிச் செய்ததே இல்லை. இந்த ஆட்டமே வேண்டாம் என்று தலைவிக்கு அனுப்ப ஒரு செய்தி எழுதினாள். எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை கடையில் கூட்டமில்லை. கை சும்மா இருக்குமா? கணினியில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, விளையாடும்போது வைப்பதுபோலவே விரல்களை வைத்தாள். எட்டை அழுத்திப் பிடித்தாள், வந்தது. விடாமலே நான்கு, அதுவும் வரிசையாக வந்தது. இரண்டையும் விடாமல் பூஜ்யம். வரவில்லை. நான்கிலிருந்து விரலை எடுத்தாள். உடனே பூஜ்யம் வந்து விழுந்தது. பத்துத் தடவை செய்தாள், பத்துத் தடவையும் அதேதான். இது கடைக் கீபோர்டு, வேறு கம்பெனி. கை உதறினால் இத்தனை ஒழுங்காகவா உதறும்?

அக்கா கணவருக்குப் போன் போட்டாள். "மாமா, நீங்க ஒண்ணொண்ணா அழுத்திப் பாத்தீங்க. நான் மூணையும் சேத்துல்ல அழுத்துறேன்."

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஆளே வந்துவிட்டார். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துப் படம் போட்டார். நூறு விசைக்கு நூறு கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் குறுக்கே சில கம்பிகள், நெடுக்கே சில கம்பிகள். அவை சந்திக்கும் இடங்களில்தான் விசைகள். எந்தக் குறுக்குக் கம்பி எந்த நெடுக்குக் கம்பியைத் தொட்டது என்று பார்த்தால் எந்த விசை என்று தெரிந்துவிடும். ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் வம்பு. கரண்ட் சுற்றி வளைத்துப் போய் நான்காவது மூலையையும் அழுத்தியதாகக் காட்டிவிடும். எது நிஜம் என்று தெரியாத கீபோர்டு, பொய் சொல்வதைவிடப் பேசாமல் இருப்பது மேல் என்று மூன்றாவது விசையை விழுங்கிவிடுகிறது. மற்ற நால்வரும் இடது கையால் எழுத்து விசைகளில் ஆடுகிறவர்கள். அந்த விசைகள் மோதாதபடி கம்பியைப் பார்த்துப் பார்த்து இழுத்திருப்பார்கள். எண் கட்டத்தில் ஒருத்தி ஓடிக் குதிப்பாள் என்று யார் கண்டார்கள்?

"ஒவ்வொரு கீக்கும் ஒரு டயோடு வெச்சா போதும்" என்றார். டயோடு என்பது ஒருவழிப் பாதை, கரண்ட் திரும்பி வராது. பிறகு கிழித்த அட்டையைப் பார்த்துக்கொண்டே, "உன் கையப் போய்ச் சொன்னேன் பாரு" என்றார்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே கணினிக் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் முதலில் காட்டியது விசைக்கொரு சுவிட்ச் வைத்த மெக்கானிக்கல் கீபோர்டு, வானவில்லாய் மின்னியது. எண் கட்டமே இல்லை. இரண்டாவதில் எண் கட்டம் இருந்தது, அழுத்தினால் டக் டக்கென்று சத்தமும் நன்றாக வந்தது. ஆனால் மூன்று விரலை வைத்ததும் பூஜ்யம் காணாமல் போயிற்று. சிட்டு ஒரு விசையின் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். அடியில் ரப்பர் குமிழ். மெக்கானிக்கல் என்பது சத்தத்தில் மட்டும்தான்.

மூன்றாவது கீபோர்டு சாம்பல் நிறம், தூக்கினால் கனம். இரு முனையையும் பிடித்து முறுக்கினாள், முனகவில்லை. உள்ளே இரும்புத் தகடு. எழுத்துகள் மேலே அச்சடித்தவை அல்ல, மூடியோடு சேர்த்து வார்த்தவை, தேயாது. ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச், தனி டயோடு. ஒன்று கெட்டால் அதை மட்டும் பிடுங்கி வேறு செருகிக்கொள்ளலாம். வயரும் தனியாகக் கழன்றது.

"இதுல லைட் வராதே அக்கா" என்று விற்பனையாளர் இழுத்தார்.

"வெளிச்சத்துக்குத்தான் வீட்டுல மாமா இருக்காரே."

எட்டு, நான்கு, பூஜ்யம். மூன்றும் வந்தன. எட்டு, ஆறு, பூஜ்யம். வந்தன. ஐந்து விரலையும் சேர்த்து வைத்தாள். ஐந்தும் வந்தன.

சாயங்காலப் பயிற்சியில் அந்தப் பள்ளத்தை ஏழு தடவை தாண்டினாள். முடிந்ததும் தலைவி, "நாளைக்கு நாலு மணிக்கு வந்துடு. கை சரியாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"கை எப்பவும் சரியாத்தான் இருந்துச்சு. பழைய கீபோர்டு மூணு கீயச் சேத்து அழுத்துனா ஒண்ண விட்டுடும். இதுல ஒவ்வொரு கீக்கும் தனி டயோடு இருக்கு. எத்தனை அழுத்தினாலும் அத்தனையும் போய்ச் சேரும்."